மடிநோய்க்கு ஊசி போட்ட மாடு: பாலா, கன்றா, சாணமா, வீட்டுக்கு ஆபத்து எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு. வீட்டில் நான்கு கறவை மாடுகள். ஒன்றுக்கு மடிநோய் வந்து ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்ற மனமில்லாமல் கன்றுக்குக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது மாட்டுக் குடலில் மருந்துக்கு மசியாத கிருமி வளர்கிறது, அது மனிதருக்கும் வரும் என்று கேள்விப்பட்டு, பாலைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா, மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி பாலைப் பற்றியது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அதிகம் கவலைப்பட வேண்டியது அடுப்பில் இருக்கும் பாலைப் பற்றி அல்ல. அந்தக் கன்றைப் பற்றியும் அதன் சாணம் போய்ச் சேரும் இடங்களைப் பற்றியும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடலாம். பாலில் தங்கும் மருந்து எச்சம் வேறு, மருந்துக்கு மசியாத கிருமி வேறு. கிருமி உயிருள்ளது, காய்ச்சினால் செத்துவிடும். மருந்தை எதிர்க்கும் கிருமி சூட்டையும் எதிர்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா பொதுவாக 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடி தாங்காது. நம் வீட்டில் பால் பொங்கி வரும்வரை காய்ச்சுகிறோம், அது தாராளமாகப் போதும். மருந்து எச்சத்தின் கதை நேர்மாறானது. எண்ரோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் கொதிக்க வைத்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் ஓரளவு குறையலாம், ஆனால் அதை நம்பிக் குடிக்க முடியாது. தயிர் உறைந்தால் பால் சுத்தம் என்பதும் பாதி உண்மை. பெனிசிலின் வகை எச்சம் இருந்தால் உறைமோரில் உள்ள நல்ல பாக்டீரியா வளராமல் பால் உறையாது. எண்ரோபிளாக்சசின் இருந்தாலோ தயிர் பாட்டுக்கு உறைந்துவிடக்கூடும். குளிர் காலத்தில் மருந்தே இல்லாத பாலும் உறையாமல் போகும். ஆகவே எச்சத்துக்கு ஒரே காவல், ஊசிக்குப் பிறகு சொல்லப்பட்ட நாள்வரை பாலை ஒதுக்கி வைப்பதுதான்.

எத்தனை நாள்? மருந்து டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும். 2012இல் இந்திய மருந்து விதிகளில் வந்த திருத்தத்தின்படி, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கான மருந்தில் இந்தக் காத்திருப்புக் காலத்தைக் குறிப்பிடுவது கட்டாயம். அந்த மருந்துக்கு எனத் தனியாக ஆய்ந்து உறுதி செய்யப்படவில்லை என்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கணக்கு கடைசி ஊசியிலிருந்து தொடங்கும், முதல் ஊசியிலிருந்து அல்ல. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. காம்பில் டியூப் ஏற்றியிருந்தால் அந்த ஒரு காம்பின் பாலை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கறந்து ஊற்றுகிறார்கள். மடியில் ஏறிய மருந்தில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். ஒதுக்குவதானால் நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும். சங்கத்தில் விலை கொழுப்பையும் எஸ்.என்.எப். என்ற கொழுப்பல்லாத திடப்பொருளையும் வைத்துத்தான் போடுகிறார்கள். அங்கே பால் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை எச்சம் இல்லை என்பதற்குச் சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி குடலுக்கு வருவோம். மாட்டின் குடலில் ஈ.கோலை எப்போதும் உண்டு, பெரும்பாலானவை மாட்டுக்கும் நமக்கும் தீங்கு செய்யாதவை. கழுத்தில் போட்ட ஊசி மடியோடு நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு பங்கு ஈரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு இறங்குகிறது. மருந்துக்கு மசியும் கிருமிகள் அங்கே சாகின்றன, மசியாத சிலவற்றுக்கு இடம் காலியாகிறது. சில நாளில் அவற்றின் விகிதம் ஏறும், மருந்து நின்றபின் சில வாரங்களில் பெரும்பாலும் இறங்கும். ஆனால் ஒன்றுமே இல்லாமல் போவது அரிது. எதிர்ப்புத் தரும் மரபணுக்கள் பல நேரம் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. இந்த வளையம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்கு, தீங்கற்ற ஈ.கோலையிலிருந்து கழிச்சலும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லாவுக்குக்கூட, கைமாறும். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்திருக்கலாம். அதனால் டெட்ராசைக்ளினை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாலும் செபலோஸ்போரின் என்ற வேறு மருந்து வகைக்கான எதிர்ப்பு கூடவே பிழைத்திருக்க முடியும்.

கன்றில் இது இன்னும் அதிகம். வளர்ந்த மாட்டைவிடக் கன்றின் சாணத்தில் எதிர்ப்புள்ள ஈ.கோலை கூடுதலாக இருப்பது அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் எனப் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட உண்மை. கன்றின் ஒரு கிராம் சாணத்தில் ஈ.கோலை பத்துக் கோடியைத் தாண்டுவது சாதாரணம். அசையூண் இரைப்பை வளர்ந்து தீவனத்துக்கு மாறும்போது அது வெகுவாக இறங்கிவிடும். பிறந்த சில மணி நேரத்தில் வெறுங்குடலில் கிருமிகள் குடியேறத் தொடங்கும் அந்தக் கட்டத்தில், மருந்து கலந்த பாலை நாளுக்கு இருமுறை ஊட்டினால் எது தங்கும் என்று சொல்லவே வேண்டாம். மருந்துப் பாலைக் கன்றுக்குக் கொடுப்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2017இல் விரிவாக ஆராய்ந்தது. எச்சமுள்ள பால் குடிக்கும் கன்றுகள் எதிர்ப்புக் கிருமிகளை அதிகம் வெளியேற்றும் என்பதே அதன் முடிவு. காய்ச்சிக் கொடுத்தால் பாலில் வந்த கிருமி சாகும், மருந்து சாகாது. கன்றின் குடலில் நடக்கும் தேர்வு அப்படியேதான் நடக்கும்.

இவையெல்லாம் உறுதியானவை. மாட்டிலிருந்து மனிதருக்குப் போகிறதா என்பதற்கும் மறுக்க முடியாத சான்று உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வாழ்ந்த 12 வயதுச் சிறுவனுக்கு செப்ட்ரியாக்சோன் என்ற செபலோஸ்போரினை எதிர்க்கும் சால்மோனெல்லா வந்தது. தந்தை கால்நடை மருத்துவர். சிறுவனிடம் எடுத்த கிருமியும் அவர் வைத்தியம் பார்த்த மாடுகளில் ஒன்றில் எடுத்த கிருமியும் பிரித்தறிய முடியாதவையாக இருந்தன. 2000ஆம் ஆண்டில் இது மருத்துவ இதழில் பதிவானது. அதே நாட்டில் 2015 முதல் 2017 வரை, பால்பண்ணைக் கன்றுகளைத் தொட்டுப் பழகியதோடு தொடர்புடைய பல்மருந்து எதிர்ப்பு சால்மோனெல்லா ஹைடல்பர்க், 15 மாநிலங்களில் 56 பேரைப் பாதித்தது. அவர்களில் சிறு குழந்தைகள் கணிசம். இவை பெரும்பாலும் பாலால் வந்தவை அல்ல, கன்றைத் தொட்ட கையால் வந்தவை என்பதைக் கவனியுங்கள்.

உறுதியில்லாத இடம் அளவு. நம் ஊரில் சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவரிடம் இருக்கும் எதிர்ப்புக் கிருமி மாட்டிலிருந்து வந்ததா, இன்னொரு மனிதரிடமிருந்தா என்று பிரித்துச் சொல்வது கடினம். நெதர்லாந்தில் 2019இல் வெளியான கணக்கீடு ஒன்றில், செபலோஸ்போரினைச் சிதைக்கும் ஈ.கோலை மக்களிடம் வந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு, ஐந்தில் ஒரு பங்கு உணவின் வழி, பண்ணை விலங்குகளிடமிருந்து நேரடியாக வந்தது மிகச் சிறு பங்கு என்று வந்தது. அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே மாட்டுக் கொட்டகையும் வீட்டு வாசலும் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதில்லை. திசையும் ஒருவழி அல்ல. உலகம் முழுக்கப் பரவிய சி.டி.எக்ஸ்.எம்-15 என்ற எதிர்ப்பு நொதி முதலில் அடையாளம் காணப்பட்டது 1999இல் இந்திய நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளில்தான், மாட்டில் அல்ல. ஹைதராபாத்தில் மூசி ஆற்றுச் சாக்கடை நீரில் வளர்ந்த புல்லை எருமைகள் தின்கின்றன. அங்கே மனிதக் குடலின் கிருமி மாட்டுக்குப் போகவும் வழி திறந்திருக்கிறது. ஆகவே ‘எல்லாம் மாட்டால்தான்’ என்று பேசுவோரையும் ‘மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று பேசுவோரையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன்.

செய்ய வேண்டியதில் முதலாவது, அந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுக்காமல் இருப்பது. 30 கிலோ கன்றுக்கு நாளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 லிட்டர் பால் வேண்டும். அதை மற்ற மூன்று மாடுகளிடமிருந்து எடுங்கள். சிக்கல் எங்கே வருமென்றால், நம் பக்கம் கன்றை ஊட்டவிட்டுச் சுரக்க வைத்துத்தான் கறக்கிறோம். தாய்க்கு ஊசி போட்டிருந்தால் அந்த இரண்டு நிமிட ஊட்டிலும் மருந்து போகும். கன்றைத் தாய் முகர்ந்து நக்கும் தூரத்தில் கட்டி, காம்பைக் கையால் வருடி, முன்னால் கொஞ்சம் அடர்தீவனம் வைத்துக் கறந்து பாருங்கள். முதல் இரண்டு நாள் பால் அடக்கும், பிறகு பெரும்பாலான மாடுகள் பழகிவிடும். ஒதுக்கிய பாலைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் குப்பைக்குழியில் காய்ந்த வைக்கோல் மேல் ஊற்றி மூடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் வைப்பதும் கன்றுக்கு வைப்பதும் ஒன்றுதான்.

அடுத்தது மருந்துத் தேர்வு. செப்ட்ரியாக்சோன், எண்ரோபிளாக்சசின் போன்றவை மடிநோய்க்கு முதல் நாளே போடப்படுவது வாடிக்கையாகிவிட்டது. செப்ட்ரியாக்சோன் சேர்ந்த மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரினையும் எண்ரோபிளாக்சசின் சேர்ந்த குயினோலோன் குடும்பத்தையும் உலக சுகாதார நிறுவனம் மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று முதல் வரிசையில் வைத்திருக்கிறது. கொலிஸ்டினை உணவு விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்ததும் இதே காரணத்தால்தான், மனிதருக்கு அது கடைசி மருந்து. ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். செப்டியோபர் (இதுவும் மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின்தான்) போன்ற சில மருந்துகளுக்குப் பாலை ஒதுக்கும் காலம் மிகக் குறைவு, அமெரிக்காவில் சில வடிவங்களுக்குப் பூஜ்யம். அதனால் அது ‘பாதுகாப்பான’ ஊசியாகத் தெரியும். பாலில் எச்சம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கும் என்பது மெய். குடலில் அது தேர்ந்தெடுக்கும் கிருமியைப் பற்றி அந்தக் காலக்கணக்கு ஒன்றுமே சொல்வதில்லை. பாலை ஒதுக்கும் விதியைச் சரியாகக் கடைப்பிடித்துக்கொண்டே எதிர்ப்பை வளர்க்க முடியும்.

எல்லா மடிநோய்க்கும் ஊசி தேவையும் இல்லை. பாலில் மட்டும் திரி திரியாக வருகிறது, மடி கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மாடு நன்றாகத் தின்கிறது என்றால் ஒரு நாள் பொறுத்துக் கிருமி எது என்று பார்த்து முடிவெடுப்பதால் நஷ்டம் இல்லை. ஈ.கோலையால் வந்த லேசான மடிநோயில் பெரும்பகுதி மாட்டின் சொந்த நோய் எதிர்ப்புச் சக்தியாலேயே தீர்ந்துவிடும். கிருமி வளர்த்துப் பார்த்து, தேவையானதற்கு மட்டும் சிகிச்சை செய்த பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் செலவு ஏறத்தாழ பாதியானது, குணமாவதில் குறை வரவில்லை. காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, தீவனம் எடுக்காமல் படுத்தாலோ, பால் தண்ணீராக வந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவர் வர வேண்டும், கால்நடை உதவி எண்ணான 1962ஐ அழையுங்கள்.

பால் மாதிரி எடுப்பதில்தான் பலர் சொதப்புகிறார்கள். முதல் ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டும், பிறகு எடுத்தால் கிருமி வளராமல் ‘ஒன்றுமில்லை’ என்று வரும். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பஞ்சில் அழுக்கு வருவது நிற்கும்வரை தேய்த்து, முதல் மூன்று நான்கு பீச்சைக் கீழே விட்டு, கிருமி நீக்கிய சிறு குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி. மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. பனிக்கட்டியில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையங்களிலோ கேட்டுப் பாருங்கள். மருத்துவர் எழுதிய மருந்தை எழுதிய அளவில், எழுதிய நாள்வரை போடுங்கள். மடி இறங்கவில்லை என்று இன்று ஒன்று நாளை ஒன்று என மாற்றுவதுதான் எதிர்ப்புக்கு மிகச் சுருக்கமான வழி. ‘ஊசி போடாவிட்டால் அவர் என்ன டாக்டர்’ என்ற எண்ணம் மாட்டுக்காரர்களிடம் இருக்கும்வரை மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து நாளைக்குப் பத்து முறை மடியில் தடவும் மூலிகை முறையைக் கேட்டிருப்பீர்கள். லேசான வீக்கத்தில் செய்து பார்ப்பதில் தவறில்லை, பலன் கண்டதாகக் களப் பதிவுகள் நிறைய உள்ளன. ஆனால் தானே தீரக்கூடிய நோயில் எது தீர்த்தது என்று பிரிக்க ஒப்பீட்டு ஆய்வு வேண்டும், அது போதுமான அளவு இல்லை. காய்ச்சலோடு இருக்கும் மாட்டுக்கு இதை மட்டும் நம்புவது ஆபத்து. இதைவிட மலிவானது வராமல் தடுப்பது. கறந்து முடித்ததும் காம்பை 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் வைத்து அரைமணி நேரம் மாடு படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறந்தவுடன் காம்புத் துளை திறந்திருக்கும், அந்த நேரம் சாணத்தில் படுத்தால் கிருமி நேராக ஏறும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும்.

கன்றுக் கழிச்சலும் ஆன்டிபயாட்டிக் வீணாகும் இன்னொரு இடம். பாதிக்கு மேற்பட்ட கழிச்சல் வைரஸாலும் ஒட்டுண்ணியாலும் தீவனக் கோளாறாலும் வருவது, மாத்திரைக்குக் கேட்காது. கன்று சாவது நீர் வற்றி. எலக்ட்ரோலைட் கரைசலை, அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை லிட்டருக்கு ஒன்று வீதம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, காலையும் மாலையும் 2 லிட்டர், பாலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். இரத்தம், காய்ச்சல், ஊட்ட மறுத்தல் இருந்தால் மருத்துவர். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சீம்பால் குடித்த கன்றுக்கு இதெல்லாம் தேவைப்படுவதே குறைவு.

சாணத்துக்கு வருவோம். பச்சைச் சாணம் கிருமிநாசினி என்ற நம்பிக்கையை இந்த விஷயத்தில் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன கோடிக்கணக்கான ஈ.கோலை இருப்பது அதில்தான், ஈரமும் நிழலும் இருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாணி கரைத்து வாசல் தெளித்தால் கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அடுப்படிக்குப் போங்கள். கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணக் கரைசல் ஊற்றுவது பாலைவிடப் பெரிய கவலை. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் மண்ணைத் தொடும் பயிருக்குப் பச்சை எருவுக்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் இடைவெளி கேட்கிறார்கள். நம் அரைக்கீரை ஒரு மாதத்தில் அறுவடையாகிவிடும். கீரைக்கு மக்கிய எருதான் வழி. குவியல் குறைந்தது மூன்றடி உயரம் வேண்டும், நடுவில் 55 டிகிரி செல்சியஸ் எட்டிப் பல நாள் நிற்க வேண்டும், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி நாலைந்து முறை புரட்ட வேண்டும். வெறும் சாணத்தைக் குவித்தால் ஈரம் மிகுந்து காற்றில்லாமல் சூடேறாது, காய்ந்த இலையும் வைக்கோலும் கலக்க வேண்டும். இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சாண எரிவாயுக் கலனில் கிருமி குறையும், முழுக்கப் போகாது. கழிவைக் கீரைக்கு நேராக விடாமல் தென்னைக்கோ தீவனப் புல்லுக்கோ விடலாம். பஞ்சகவ்யம் புளிக்கும்போதும் குறையும், ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் ஒரே அளவில் குறையும் என்று சொல்ல முடியாது. பச்சையாகத் தின்னும் எதன் மேலும் தெளிக்க வேண்டாம்.

உங்கள் குழந்தைக்குக் காய்ச்சிய பால் கொடுங்கள், காத்திருப்புக் காலம் முடிந்த மாட்டின் பாலாக இருந்தால் தயங்க வேண்டாம். கறந்த சூட்டோடு பச்சையாகக் கொடுப்பது மட்டும் வேண்டாம். கழிச்சல் உள்ள கன்றோடு விளையாட விடாதீர்கள், கன்று கையை நக்கினால் உடனே சோப்பு. கொட்டகைக்குத் தனிச் செருப்பு, கன்றுக்குத் தனி வாளி, அந்த வாளி அடுப்படிக் குழாய்க்கு வரக்கூடாது. உங்கள் கன்றின் குடலில் இப்போது என்ன இருக்கிறது என்று சோதிக்காமல் இங்கிருந்து சொல்ல முடியாது. தீவனத்துக்கு மாறும்போது பெரும்பாலும் தானே குறையும் என்பதால், சோதிக்கவும் அவசியமில்லை. வீட்டில் யாருக்காவது இரத்தக் கழிச்சலோ, காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சலோ வந்தால் மட்டும் மாடு வைத்திருக்கிறோம், அதற்கு இன்ன ஊசி போட்டோம் என்று மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை தொடங்கும் முன்பே மலத்தையோ சிறுநீரையோ கல்ச்சர் என்ற கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.